ஆஸ்பத்திரிக்கும் வேண்டும் ஒரு இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன்



உங்களில் பலர் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் குவாலிட்டி பிரிவில் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து வரும் உதிரிபாகத்தைச் சோதிக்காமல் லைனுக்கு விடுவீர்களா? ஆஸ்பத்திரிக்கும் அந்த வழக்கம் வேண்டும் என்கிறேன்.

போன மாதம் ஒரு மாணவர் போன் செய்தார். ஓர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் ஐ.சி.யூ.வில் இருந்த அப்பாவை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்துச் சாம்பிள் எடுக்க வேண்டும் என்றார்களாம். "நெஞ்சுவலிக்கு வந்தவருக்கு இது எதுக்கு சார்? பில்லை ஏத்தவா?" என்றார். நியாயமான கேள்விதான்.

மருந்துக்கு அடங்காத கிருமி ஒருவர் குடலில் சத்தமில்லாமல் குடியிருக்கும். காய்ச்சல் இருக்காது, அவருக்கே தெரியாது. ஆனால் தொடுகிற கைகள், கட்டில் கம்பி, கழிப்பறை வழியாகப் பக்கத்துக் கட்டிலுக்குப் போகும். அங்கே ஆபரேஷன் ஆனவரோ டயாலிசிஸ் நோயாளியோ இருந்து, அவர் ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இது நம் ஊர்க் கதையும்தான். வேறு மருந்து கேட்காதபோது கொடுக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையே முறிக்கும் என்.டி.எம்-1 பற்றி 2010-ல் லான்செட் இதழ்க் குழுமத்தில் ஒரு கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அது இருந்தது. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டதும் இங்கேதான்.

நெதர்லாந்தில், வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வருபவரைச் சோதனை முடிவு வரும்வரை தனியறையில் வைக்கிறார்கள். "நம் அரசு ஆஸ்பத்திரியில் தனியறைக்கு எங்கே போவது?" என்பீர்கள். உண்மைதான். கிருமி உள்ளவர்களை வார்டின் ஒரு பக்கமாகச் சேர்த்து வைத்து, கையுறையும் கைகழுவலும் கண்டிப்பாக இருந்தாலே பரவல் குறையும். அதுவும் இல்லையென்றால் சோதனை வெறும் காகிதம்.

எல்லோருக்கும் சோதனை வேண்டாம். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றப்படுபவர், ஐ.சி.யூ.வில் சேர்பவர், சமீபத்தில் பல நாள் அட்மிட் ஆகியிருந்தவர், இவர்களுக்குப் போதும். செலவை நோயாளி தலையில் கட்டாமல் ஈ.எஸ்.ஐ.யும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் ஏற்க வேண்டும். கிருமி இருக்கிறது என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. குடலில் சும்மா இருக்கும் கிருமிக்கு ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை. பலருக்குச் சில மாதங்களில் தானாகவே போய்விடும். அதனால் வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சாம்பிள் கேட்டால் சண்டை போடாதீர்கள். எதற்கு என்று கேளுங்கள், ரிசல்ட்டைக் கையில் வாங்குங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மறைக்காமல் காட்டுங்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் கட்டிலில் உட்காராதீர்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுங்கள்.

இதை உங்கள் கம்பெனி ஈ.எஸ்.ஐ. பொறுப்பாளரிடமும் ஒருமுறை பேசிப் பாருங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.