இழிந்த உணவும் இழிந்த மக்களும்: ஒரு மறுப்பு

உணவு பற்றிய அருவருப்பு மனிதனுக்கு இயல்பாகவே அமைந்ததென்பது நம்மிடையே, கற்றோர் மத்தியிலுங்கூட, ஆழ வேரூன்றிய கருத்தாகும். குடல், இரத்தம், உடும்பு, ஆமை, எலி என்றவாறு ஒருவர் ஒப்புவிக்க, ஏனையோர் முகஞ்சுளித்துச் சிரிப்பது விடுதிப் போசனசாலைகளிலே பழகிப்போன காட்சி. வேடிக்கைதானே என்பர். இவ்வேடிக்கைக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலே சிரித்தவர் ஒரு சாராராகவும் இழிவைச் சுமந்தவர் மறு சாராராகவும் இருந்துவந்துள்ளனர்.

றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலே, கண்டி இராச்சியத்து ரொடியர் ஏன் தாழ்த்தப்பட்டனர் என்பதற்கு மக்கள் கூறிய கதையொன்று இடம்பெறுகின்றது. அவர்களுடைய முன்னோர் அரசனின் உணவுக்கு மானிறைச்சி கொணரும் வேடராயிருந்தனராம். ஒருமுறை மானிறைச்சிக்குப் பதிலாக மனித ஊனைக் கொடுத்தனராம். அதன் சுவையில் மகிழ்ந்த அரசன், அவ்விறைச்சியையே மேலும் கொணருமாறு பணித்தான். அது யாதென்பதை நாவிதன் வெளிப்படுத்திய பின்னரே சீற்றங்கொண்டு அக்குலத்தையே ஊரினின்று விலக்கினான். இக்கதையை வரலாற்றுண்மையெனக் கொள்ளவேண்டியதில்லை. ஒரு மக்கட் கூட்டத்தின் இழிநிலைக்குக் காரணம் தேடிய சமுதாயம் அதனை உணவிலே கண்டதென்பதே மனங்கொள்ளத்தக்கது. கதையிற்கூட அரசனின் நா அவ்வூனை வெறுக்கவில்லை. மேலும் கேட்டு உண்டவன் அரசனாகவே இருந்தான். கொடுத்தவரின் வழித்தோன்றல்களோ ஏனையோரின் கிணறுகளில் நீரள்ளவும் உரிமையற்றோராய்க் குழிகளிலும் ஆறுகளிலும் நீர் மொண்டனர். இறந்த மாட்டின் ஊனை அவர்கள் உண்டமையும், அதன் தோலைக் கயிறாக்கியமையும் அந்நூலிலேயே பேசப்படுகின்றன. ஊன்தான் தீட்டாயிற்று, கயிறு பிறருக்கும் பயன்பட்டது.

இதே நொக்ஸ், சிங்களவர் தலகொய்யா என வழங்கும் உடும்பினை மிகச் சிறந்த இறைச்சியெனப் புகழ்கின்றார். வேறு இறைச்சியோடு கலந்துண்டு வாந்தியெடுக்க நேரினும் உடும்பிறைச்சி மட்டும் வெளிவராது என்ற மக்கள் நம்பிக்கையையும் குறித்துவைத்துள்ளார். அவர் புகழ்ந்து எழுதிய பிராணியின் பெயரைக் கேட்டதுமே இன்று சிலருக்குக் குமட்டுகின்றது!

பண்டைத் தமிழர் ஊனுணவை அறியாத தூயோர் என வாதிடுவோர் இன்றும் உளர். அவர்கள் பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் மீண்டுமொருமுறை புரட்டுதல் நலம். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிலே பாணனுக்குக் கிடைக்கும் விருந்து சோறும் உடும்பின் பொரியலுமாகும். பாரியின் நாட்டைப் பாடும் கபிலர், புற்றீசலை மோரொடு புளிக்கச் சமைத்த உணவை இன்சுவையதாகவே குறிக்கின்றார். புலவர் எவரும் மூக்கைப் பொத்தவில்லை. சேக்கிழார் காட்டும் கண்ணப்பரோ, பன்றியூனைத் தீயில் வாட்டி, நாவிற் சுவைத்துப் பார்த்து, நல்லதையே இறைவனுக்குப் படைத்தவர். அங்கே அருவருப்படைந்தவர் சிவகோசரியார். இறைவனோ அவருடைய கனவிலே தோன்றி வேடனின் அன்பையே உயர்த்திப் பேசுகின்றான். இப்பகுதி புராணபடனத்திலே படிக்கப்படும்போது உருகுவோருள் எத்தனை பேர், பன்றியிறைச்சி உண்ணும் அயலவரைத் தம் வீட்டுக் குசினிக்குள் அனுமதிப்பர்?

1845 முதல் 1850 வரை இந்நாட்டின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமேசன் ரெனன்ற், யாழ்ப்பாணச் சந்தையில் ஆமை விற்கப்பட்ட முறையை வருணித்துள்ளார். உயிரோடு மல்லாத்திய ஆமையின் அடியோட்டை நீக்கி, வாங்குவோர் விரும்பிய பாகத்தைத் துண்டு துண்டாக அறுத்து விற்றனர். விற்பனை முடியும்வரை அதன் உயிர் முற்றாகப் பிரியவில்லை. இக்கொடுமைக்கு எவ்வித சமாதானமும் கூறவியலாது. ஆமை பிடித்தல் இன்று சட்டப்படி குற்றமாயிருப்பதும் முற்றிலும் சரியே. ஆனால் அதே நூற்றாண்டில் இலண்டன் மாநகர முதல்வரின் விருந்திலே ஆமைச் சூப்பே தலையாய பண்டமாக விளங்கியது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து உயிருடன் கப்பலேற்றப்பட்ட ஆமைகள் அவை. அங்கே அது நாகரிகத்தின் அடையாளம். இங்கே சுதேசிகளின் காட்டுமிராண்டித்தனம்.

சுகாதாரமே காரணம் எனச் சிலர் கூறுவர். சுண்ணாம்பிட்டுச் சுடுநீரிற் பலமுறை கழுவி, நன்கு அவித்த குடலில் உள்ள அசுத்தம் யாது? சுத்தம் சமைப்பவரின் கையைப் பொறுத்தது. உண்பவரின் பிறப்பைப் பொறுத்ததன்று. கொல்லாமையைக் காரணமாகக் கூறுவோரின் நிலை வேறு, அது மதிப்புக்குரியது. புலால் மறுத்தலைக் கூறிய வள்ளுவர் அருளைக்கொண்டே வாதிட்டார். ஆட்டுத்தொடை உயர்ந்தது, மாட்டுக்குடல் தாழ்ந்தது என அவர் வகுக்கவில்லை. அப்பாகுபாட்டை வகுத்தவர் நாமே. பங்கிறைச்சி வாங்கி, ஆட்டிரத்தத்தைச் சின்னவெங்காயமும் மிளகாயுமிட்டு வறையாக்கிச் சுவைத்துண்ணும் குடும்பம், மாட்டிறைச்சி உண்பவரை மட்டும் சுத்தமற்றவர் என்பது எந்த அருளின்பாற்பட்டது?

சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே நிறைவேறியது. அதற்குப் பின்னரும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகள் பலவற்றிலே ஒரு சாராருக்குக் கிளாசும் மறு சாராருக்குப் போத்தலும் தகரப்பேணியுமே வழங்கப்பட்டன. 1966 இல் வீதிக்கு வந்த போராட்டத்தின் கோரிக்கைகளுள் இதுவும் ஒன்று. அவர்கள் உண்ணும் உணவு அத்தகையது எனக் கடைக்காரர் நியாயம் கூறினர். கேட்கப்பட்டதோ தேநீர். அதனுள் மாட்டிறைச்சியும் இல்லை, குடலும் இல்லை. தேயிலைச்சாயமும், அதே மாட்டின் பாலும், சிறிது சீனியுமே இருந்தன.