பிள்ளையின் உயரத்திற்கு ஒரு மட்டை



பெருநாள் கழிந்த வாரத்தில் நம் வீட்டுப் பையன்களின் கையில் சிறிது பணம் புழங்குகிறது. அத்தா கொடுத்தது, நன்னா கொடுத்தது, சாச்சா கொடுத்தது எனச் சேர்ந்த பெருநாள் காசைப் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, அவர்கள் வந்து கேட்கும் பொருள் பெரும்பாலும் கிரிக்கெட் மட்டையாகவே இருக்கிறது. வடலூரிலும் நெய்வேலி நகரியத்தின் வட்டங்களிலும் அஸருக்குப் பின் மஃரிபு பாங்கு ஒலிக்கும் வரை பந்தின் சத்தம் ஓய்வதில்லை. காசு போதாதபோது மீதியைப் போடுகிறவர்கள் நாம்தாம். ஆகவே, எதற்குப் போடுகிறோம் என்று அறிந்து போடுவது நல்லது.

பெருநாள் சட்டையை ஒரு பிடி பெரிதாகத் தைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அடுத்த பெருநாளுக்கும் ஆகட்டும் என்பது தாய்மார்களின் கணக்கு; அதனைக் குறை சொல்வதற்கில்லை. கையை மடித்துவிட்டால் சட்டை பொருந்திவிடும். அதே கணக்கை மட்டைக்கும் போட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரியவர்களின் மட்டையை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். மட்டையை எங்கே மடிப்பது?

முழு அளவு மட்டையின் நீளம் ஏறத்தாழ 33½ அங்குலம். எடை பொதுவாக 1,100 முதல் 1,250 கிராம் வரை இருக்கும். நாலரை அடி உயரமுள்ள சிறுவன் அதைப் பிடித்துக் குனிந்து நின்றால் கைப்பிடியின் முனை அவன் வயிற்றில் இடிக்கும். வலக்கை ஆட்டக்காரனுக்கு மட்டையை நேர்க்கோட்டில் நடத்திச் செல்ல வேண்டியது மேலே பிடித்திருக்கும் இடக்கையாகும். அதனால் பாரத்தைத் தாங்க இயலாதபோது கீழிருக்கும் வலக்கை வேலையை ஏற்றுக்கொள்கிறது. மட்டை நேராக வராமல் குறுக்கே சுழல்கிறது; நேராக வந்த பந்து குச்சியைப் பெயர்த்துவிடுகிறது. ‘இவனுக்கு ஆட்டம் வராது’ என்று தோழர்கள் முடிவு கட்டுவார்கள். பிள்ளையும் அதை நம்பிவிடுவான். மணிக்கட்டிலும் முழங்கையிலும் வலி என்று அவன் சொன்னால், ஓடி ஆடியதன் களைப்பு என்று நாம் தைலம் தடவி விடுவோம். கையில் பதிந்த அந்தக் குறுக்கு வீச்சைப் பின்னர் மாற்றுவது எளிதன்று.

அளவு பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பிள்ளையைக் காலணியுடன் ஆடும் நிலையில் நிற்கச் செய்யுங்கள். மட்டையின் அடிமுனை பின்காலின் விரல்களையொட்டித் தரையைத் தொடட்டும். கைப்பிடியின் உச்சி தொடையின் மேற்பகுதியில், இடுப்பிற்குக் கீழே அமைய வேண்டும். கடைக்காரர் காட்டும் அளவுப் பட்டியல் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறும். எனினும் நாலரை அடி உயரத்திற்கு 3ஆம் அளவு, 5 அடிக்கு 5ஆம் அளவு, 5 அடி 3 அங்குலத்திற்கு 6ஆம் அளவு என்பது ஏறக்குறையச் சரியாக வரும். அதன்பின் ‘ஹாரோ’ என்னும் இடைநிலை அளவு. 5 அடி 7 அங்குலத்தை எட்டியவர்க்கே முழு அளவு. வயதைச் சொல்லி மட்டை கேட்பது வீண். ஒரே வகுப்பில் படிப்பவர்களிடையே உயரத்தில் அரை அடி வேறுபாடு இருக்கிறது.

நீளம் சரியானபின் எடை. மேல்கை ஒன்றினால் மட்டும் மட்டையைப் பிடித்து, தோள் உயரத்திற்கு முன்னே நீட்டிச் சிறிது நேரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். கை நடுங்கினாலோ முனை தாழ்ந்தாலோ அந்த மட்டை வேண்டா. சச்சின் டெண்டுல்கர் கனமான மட்டையால் ஆடியவர் என்று பையன் வாதிடக்கூடும். சச்சினின் முன்கை உனக்கு வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். தராசில் ஒரே எடை காட்டும் இரு மட்டைகளுள் ஒன்று கைக்கு இலேசாகவும் மற்றொன்று பாரமாகவும் தோன்றும். மரத்தின் கனம் அடிப்பக்கம் ஒதுங்கியிருந்தால் பாரம் மிகுதியாகத் தெரியும். இதைத் தராசு சொல்லாது. பிள்ளையின் கை சொல்லும். ஆகவே, ‘வியப்பாக இருக்கட்டும்’ என்று அவன் அறியாமல் வாங்கி வராதீர்கள், அவனையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சின்ன மட்டை என்று தோழர்கள் நகைப்பார்கள் என அவன் அஞ்சினால், ஒரு செய்தி சொல்லலாம். 1771ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹாம்பிள்டன் அணிக்கெதிராக ஒயிட் என்பவர் குச்சிகளையே மறைத்துவிடும் அகலத்தில் ஒரு மட்டையுடன் வந்து நின்றார். அதற்குப் பிறகே அகலம் நாலேகால் அங்குலத்திற்கு மிகலாகாது என்ற விதி பிறந்தது. நீளத்தின் உச்சவரம்பு 38 அங்குலம். 2017இல் கனத்திற்கும் வரம்பு வந்தது: நடுவில் 67 மில்லிமீட்டர், ஓரத்தில் 40 மில்லிமீட்டர். விதிகள் யாவும் பெரிய மட்டையைத் தடுக்கவே எழுந்தன. சிறிய மட்டையை எந்த விதியும் தடுக்கவில்லை.

இனி மரம். இரண்டும் வில்லோ மரமே. இங்கிலாந்தில் விளைந்தது ஒன்று, காஷ்மீரில் விளைந்தது மற்றொன்று. இங்கிலாந்து மரம் வெளிறிய நிறமும் மென்மையும் உடையது. பந்து பட்டதும் துள்ளி எழும். காஷ்மீர் மரம் சற்றுப் பழுப்பு, சற்றுக் கனம், சற்றுக் கடினம். அனந்தநாக் மாவட்டத்தில் ஸ்ரீநகர் செல்லும் நெடுஞ்சாலையோரச் சிற்றூர்களில் நம் சகோதரர்கள் பலருக்கு இம்மட்டைத் தொழிலே வாழ்வாதாரம். இங்கிலாந்து மட்டை பல ஆயிரம் ரூபாய் விழுங்கும். காஷ்மீர் மட்டை அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும்.

நம் பிள்ளைகள் ஆடுவது எந்தப் பந்தில் என்பதைப் பாருங்கள். டென்னிஸ் பந்தில் ஆடுகிறவனுக்கு இங்கிலாந்து மரம் வீண் செலவு. கார்க் பந்தில் ஆடுகிறவனுக்கோ அது நட்டமே. அந்தக் கல் போன்ற பந்து மென்மையான மரத்தைச் சில வாரங்களில் பிளந்துவிடும். பயிற்சியாளரிடம் சேர்ந்து தோல் பந்தில் ஆடத் தொடங்கி, உயரமும் ஓரளவு நிலைத்தபின் இங்கிலாந்து மட்டையைப் பற்றி எண்ணலாம். வளரும் பிள்ளைக்கு ஒரு மட்டை ஓரிரு ஆண்டுகளே அளவாக இருக்கும். பிறகு தம்பிக்கோ, தங்கைக்கோ, மாமி மகனுக்கோ போகட்டும்.

இவ்விடத்தில் வளைகுடாவிலிருந்து வரும் மாமாக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துபாய்க் கடையில் பளபளக்கும் மட்டையைக் கண்டதும் மருமகனின் நினைவு வந்துவிடுகிறது. வாங்கி வருவது முழு அளவு. நீளத்தைக் குறைக்கலாமென்று அதை ஆசாரியிடம் கொடுத்து அடிப்பகுதியை அறுக்கும் வீடுகளும் உண்டு. பந்து நன்றாகப் பாயும் பகுதி மட்டையின் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது; அறுத்தால் அதுவே போய்விடும். மாமா புறப்படுவதற்கு முன்பே பிள்ளையின் உயரத்தைத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

சென்னை செல்வோர் பெரியமேட்டிலும் சேப்பாக்கத்தையொட்டிய வாலாஜா சாலையிலும் பல கடைகளை ஒருசேரப் பார்க்கலாம். எங்கு வாங்கினும், வண்ணத்தாளும் வீரரின் கையொப்பமும் மரத்தைப் பற்றி எதுவும் உரைப்பதில்லை. கைப்பிடி மட்டைக்குள் பொருந்தும் இடத்தில் இடைவெளி உண்டா, அழுத்தினால் கிறீச்சிடுகிறதா, முகப்பில் ஒட்டிய தாளின் கீழே விரிசல் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறிய கைக்குக் கைப்பிடி தடித்திருந்தால் மட்டையை மாற்ற வேண்டியதில்லை. மெல்லிய ரப்பர் உறை ஒன்றை மாற்றினால் போதும், செலவும் சொற்பம்.

தோல் பந்தில் ஆடுவதாயின் புதிய மட்டையைப் பக்குவப்படுத்த வேண்டும். இதற்குப் பச்சை ஆளிவிதை எண்ணெய் தேவை. வண்ணக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் காய்ச்சிய எண்ணெய், கேட்டு வாங்குங்கள். ஒரு தேக்கரண்டி அளவு போதும். முகப்பிலும் ஓரங்களிலும் அடியிலும் தடவி, கைப்பிடி இணையும் இடத்தில் படாமல், ஒரு நாள் படுக்க வைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தபின், மரச்சுத்தியலாலோ, காலுறைக்குள் இட்ட பழைய பந்தாலோ நாள்தோறும் சிறிது சிறிதாக, மொத்தம் ஐந்தாறு மணி நேரமாவது தட்ட வேண்டும். பிள்ளைகள் அலுத்துக்கொள்ளும் வேலை இது. முற்றத்தில் அமர்ந்து அத்தா சற்றுக் கைகொடுக்கலாம்.

நம் பகுதியின் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழோ மொட்டை மாடியிலோ மட்டையை விட்டுவைத்தால் மரம் காய்ந்து பிளக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தரையில் ஆடினால் அடிமுனை நீரை உறிஞ்சி உப்பிவிடும். அடியில் ஒட்டும் ரப்பர் காப்பை வாங்கும்போதே ஒட்டச் சொல்லுங்கள். ஆடிவிட்டு வந்ததும் துணியால் துடைத்து, சமையலறை அனல் படாத அறை மூலையில் வைக்கச் சொல்லுங்கள்.