வந்து போனவர்களின் பனிவெளி

துருவப் பனிவெளியைப் பற்றி உலகம் இதுவரை படித்தவற்றில் பெரும்பகுதி அங்கே வந்து போனவர்கள் எழுதியது. திமிங்கிலம் தேடி வந்தவர்கள், வடமேற்குக் கடல்வழியைத் தேடி வந்தவர்கள், மதம் பரப்ப வந்தவர்கள், ஆய்வு செய்ய வந்தவர்கள், இன்று ஆகஸ்டு மாதத்தில் சுற்றுலாக் கப்பலிலிருந்து இறங்கிச் சில மணிநேரம் படமெடுத்துவிட்டுப் போகிறவர்கள் என்று அந்த வரிசை நீளமானது. இவர்களுடைய குறிப்புகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். காலம் தொடாத மனிதர்களைக் கண்டுவிட்டதாக எழுதியவர் நம்புகிறார். வாசிக்கும் நாமும் நம்பிவிடுகிறோம்.

'எளிய வாழ்வு', 'இயற்கையோடு இயைந்த மனிதர்கள்', 'நாகரிகம் தீண்டாத முகங்கள்' போன்ற தொடர்கள் பயண இலக்கியம் குறித்த நம் மதிப்புரைகளிலும் தடையின்றிப் புழங்குகின்றன. அவற்றைப் பாராட்டுரையாகவே கருதுகிறோம். ஆனால் அந்தப் பாராட்டுக்குப் பாராட்டப்பட்டவர்கள் கொடுக்க நேர்ந்த விலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. கனடாவில், ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில், கியூபெக் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள இனுக்ஜுவாக் என்ற ஒரே ஊரின் வரலாற்றைக் கொண்டு இதை விளக்கிவிட முடியும்.

*

இனுக்ஜுவாக்கிற்கு 1920-ல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி ஒளிப்படக் கருவியுடன் வந்தார். கனிம வளம் தேடி அப்பகுதியில் முன்பே அலைந்தவர். முன்னர் எடுத்திருந்த படச்சுருள்கள் அவருடைய சிகரெட் நெருப்பிலேயே எரிந்துபோயிருந்தன. இம்முறை ரெவியோன் ஃப்ரேர் என்ற பிரெஞ்சு மென்மயிர் வணிக நிறுவனம் பணம் கொடுத்தது. ஏறத்தாழ ஓராண்டு தங்கி அவர் எடுத்த 'நானூக் ஆஃப் த நார்த்' 1922-ல் வெளியாகி உலகெங்கும் ஓடியது. ஆவணப்பட மரபின் தொடக்கமாகத் திரை வரலாறு அதைத்தான் சுட்டுகிறது.

படத்தின் நாயகனுடைய உண்மைப் பெயர் நானூக் அல்ல, அல்லகரியாலக். படத்தில் அவருடைய குடும்பமாகக் காட்டப்படுவது அவருடைய குடும்பம் அல்ல. அன்றைய இனுக்ஜுவாக் வேட்டையர்களிடம் துப்பாக்கி இருந்தது. படத்திலோ அவர்கள் எறியீட்டியைக் கொண்டே வால்ரஸ் வேட்டையாடினர். பனிவீட்டுக்குள் விளக்கொளி போதாமல் பாதிச் சுவரை எடுத்துவிட்டுப் படம் பிடித்தார்கள். வணிக நிலையத்தில் கிராமஃபோனைக் கண்டு நானூக் வியந்து, இசைத்தட்டைக் கடித்துப் பார்க்கும் காட்சி மிகவும் புகழ்பெற்றது. கிராமஃபோன் என்றால் என்னவென்று அறிந்த ஒரு மனிதர் அறியாதவராக நடித்த காட்சி அது. படம் வெளியான பின் நானூக் பட்டினியால் இறந்ததாக ஃப்ளாஹர்ட்டி சொல்லிவந்தார். காசநோயே காரணமாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இவற்றையெல்லாம் பட்டியலிட்டு 'பொய்ப்படம்' என்று ஒதுக்கிவிடுவது எளிது. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. படப்பிடிப்பில் இனுயிட்டுகள் வெறும் காட்சிப்பொருள்களாக இருக்கவில்லை. கருவிகளைப் பராமரிப்பதிலும், படச்சுருளைக் கழுவுவதிலும், எந்த வேட்டையை எப்போது எடுக்கலாம் என்று திட்டமிடுவதிலும் அவர்கள் பங்காளிகள். தம் பாட்டனார் செய்த வேட்டையைச் செய்துகாட்டுவது அவர்களுக்கு மகிழ்ச்சியாகவும் இருந்திருக்கலாம். பழையதை மீண்டும் நடித்துக் காட்டுவதில் தவறில்லை. நடித்துக் காட்டியதை 'இதுவே இவர்களின் இன்று' என்று உலகத்தின் முன் வைத்ததில்தான் சிக்கல் தொடங்குகிறது. துப்பாக்கியும், கடன் கணக்கும், வணிகரின் மாவும் தேயிலையும் அந்த மக்களின் இன்றைய வாழ்வாக இருந்தன. படத்திற்குப் பணம் கொடுத்ததும் மென்மயிர் வணிகமே. ஆயினும் அந்த வணிகம் அவர்களுடைய வாழ்வை எப்படி மாற்றிவிட்டிருந்தது என்பதற்குப் படத்தில் இடமில்லாமல் போயிற்று.

*

அடுத்த முப்பது ஆண்டுகளில் வெண்ணரித் தோலின் விலை சரிந்தது. அதை நம்பி வாழப் பழகிவிட்டிருந்த குடும்பங்கள் அரசின் உதவித்தொகையைச் சார வேண்டியதாயிற்று. இனுயிட்டுகளுக்கு அன்று குடும்பப்பெயர் வழக்கம் இல்லாததால் 1940-களிலிருந்து ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வில்லை வழங்கப்பட்டிருந்தது. அலுவலகக் கோப்புகளில் அவர்கள் எண்களாகவே இருந்தனர். அந்தக் கோப்புகளில் ஒரு கவலை வளர்ந்துகொண்டே வந்தது. இவர்கள் வணிக நிலையத்தைச் சுற்றிச் சோம்பிக் கிடக்கிறார்கள், வேட்டைத்திறனை இழக்கிறார்கள், வேட்டை விலங்கு மிகுந்த இடத்தில் கொண்டுபோய் விட்டால் பழையபடி தன்மானத்துடன் வாழ்வார்கள் என்பதே அந்தக் கவலை.

1953-ல் இனுக்ஜுவாக்கிலிருந்து ஏழு குடும்பங்கள் சி.டி. ஹோ என்ற கப்பலில் ஏற்றப்பட்டன. புதிய இடத்தில் வாழ உதவுவதற்காகப் பாண்ட் இன்லெட் என்ற வட ஊரிலிருந்து மூன்று குடும்பங்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டன. போகுமிடத்தில் வேட்டை நிறைய இருக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று சொல்லப்பட்டிருந்தது. கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் தாங்கள் ஒரே இடத்தில் இறக்கப்படப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியவந்தது. சிலர் எல்ஸ்மியர் தீவிலும், சிலர் கார்ன்வாலிஸ் தீவிலும் இறக்கப்பட்டனர். சொந்த ஊரிலிருந்து ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் வடக்கே.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கும் பனி, இங்கும் பனி. இனுக்ஜுவாக் மக்களுக்கு அது வேற்று உலகம். அவர்களுடைய ஊரில் குளிர்காலத்திலும் நாள்தோறும் சூரியன் எழும். எல்ஸ்மியர் தீவிலோ மூன்று மாதங்களுக்கு மேல் சூரியனே இல்லை. ஊரில் கிடைத்த பெர்ரிப் பழங்களும் பறவை முட்டைகளும் பலவகை மீன்களும் அங்கே அரிது. கண்ணெதிரே மேய்ந்த கஸ்தூரி எருதைக் கொல்லச் சட்டம் தடை விதித்திருந்தது. வீடு கட்டப் பனி தக்கபடி இறுகும்வரை கூடாரங்களில் கிடந்தார்கள். அவர்கள் அந்த இடங்களுக்கு வைத்த பெயர்களே போதும். ரெசொல்யூட் என்று வரைபடம் சொல்லும் ஊர் அவர்கள் மொழியில் 'கவுசுயிட்டுக்', விடியல் இல்லாத இடம். கிரிஸ் ஃபியர்ட் 'அவ்யுயிட்டுக்', ஒருபோதும் உருகாத இடம்.

1955-ல் மேலும் சில குடும்பங்கள் அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று ஜோசஃபி ஃப்ளாஹர்ட்டி என்பவருடையது. அவர் படமெடுத்த ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் மகன். படத்தில் நடித்த பெண்களில் ஒருவரான மேகி நுஜார்லுக்டுக்கிற்கு, தந்தை ஊரைவிட்டுப் போன பின் 1921-ன் இறுதியில் பிறந்தவர். ஃப்ளாஹர்ட்டி இனுக்ஜுவாக்கிற்குத் திரும்பவே இல்லை.

ஒரு திரைப்படம்தான் இந்த இடப்பெயர்வுக்குக் காரணம் என்று நான் வாதிடவில்லை. பனிப்போர்க் காலத்தில் ஆளில்லாத வடதீவுகளின்மீது தன் உரிமையை நிலைநாட்டக் கனடா விரும்பியதும் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்படுகிறது. இடம்பெயர்க்கப்பட்டவர்களை 'மனிதக் கொடிக்கம்பங்கள்' என்றே பலர் குறிப்பிட்டனர். ஆனால் இரண்டு செயல்களுக்கும் அடியில் ஒரே எண்ணம் ஓடுகிறது. கலைஞர் அவர்களிடம், 'துப்பாக்கியை வைத்துவிட்டு உங்கள் பாட்டனாரைப்போல வேட்டையாடுங்கள்' என்று கேட்டார். அதிகாரி, 'வணிக நிலையத்தை விட்டு விலகி உங்கள் பாட்டனாரைப்போல வாழுங்கள்' என்றார். முன்னவர் கேட்டது படப்பிடிப்பு முடியும்வரை. பின்னவர் கேட்டது வாழ்நாள் முழுமைக்கும். ரசனை என்ற பெயரில் நாம் வளர்த்துக்கொள்ளும் ஒரு படிமம் கோப்புகளுக்குள் நுழையும்போது என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டு ஆண்டு வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. 1994-ல் அரச ஆணையம் ஒன்று அறிக்கை அளித்தது. 1996-ல் ஒரு கோடி டாலர் அறக்கட்டளை நிதி ஒதுக்கப்பட்டது. கனடிய அரசு முறையாக மன்னிப்புக் கேட்டது 2010 ஆகஸ்டில், இனுக்ஜுவாக்கில். கப்பல் புறப்பட்டு 57 ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

*

அந்தக் கப்பலில் 1953-ல் ரெசொல்யூட்டுக்குப் போனவர்களில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். மார்க்கூசி பட்சாக் என்ற அந்தச் சிறுவன் பின்னாளில் கனடாவின் முதல் இனுயிட் வணிக விமானியானார். 1969-70-ல் 'இனுட்டிட்டூட்' என்ற இதழில் இனுக்டிடுட் மொழியில் ஒரு தொடர்கதை எழுதினார். அதுவே அவருடைய ஆங்கில வடிவில் 1970-ல் 'ஹார்ப்பூன் ஆஃப் த ஹன்டர்' என்று நூலாயிற்று. கனடாவில் அச்சேறிய முதல் இனுயிட் நாவலாக அது கருதப்படுகிறது. வெறிபிடித்த பனிக்கரடியைத் துரத்திச் செல்லும் வேட்டைக்காரர்களுள் கமிக் என்ற இளைஞன் மட்டும் எஞ்சுகிறான். இறுதியில் தாயையும் மணக்கவிருந்த பெண்ணையும் பனிக்கடல் கொண்டுவிட, தன் எறியீட்டியாலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறான். படத்தின் நானூக் முகத்தில் மாறாமல் இருக்கும் அந்தப் புன்னகைக்கு இந்நாவலில் இடமில்லை. எறியீட்டி இங்கே வந்தவரை வியக்கவைக்கும் பழம்பொருளாக இல்லை. பனிவெளியில் வாழ்வது வீரக்காட்சி அன்று, ஒவ்வொரு நாளும் தோற்கக்கூடிய கணக்கு என்பதை உள்ளிருப்பவர் மட்டுமே இவ்வளவு அமைதியாகச் சொல்ல முடியும்.

இன்னொரு எடுத்துக்காட்டு இக்லூலிக் என்ற தீவு ஊர். தங்கள் மொழியில் நிகழ்ச்சிகள் இல்லை என்பதற்காக 1970-களில் இருமுறை வாக்களித்துத் தொலைக்காட்சியை மறுத்த ஊர் அது. அங்கிருந்து வந்த சக்கரியாஸ் குனுக் இயக்கிய 'அட்டனார்ஜுவாட்', முழுவதும் இனுக்டிடுட்டில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படம். 2001-ல் கான் விழாவில் முதல் படத்திற்கான தங்கக் கேமரா விருதைப் பெற்றது. ஊர்ப் பெரியவர்கள் சொன்ன தொன்மக் கதையைக் கேட்டு எழுதிய திரைக்கதை அது. அதிலும் தோலாடையும் பனிவீடும் புதிதாகச் செய்யப்பட்டவையே. அப்படியானால் ஃப்ளாஹர்ட்டியிடமிருந்து என்ன வேறுபாடு என்று கேட்கலாம். குனுக் கடந்த காலத்தைக் கடந்த காலமாகவே காட்டுகிறார். எதைக் காட்டுவது என்ற முடிவும் அவருடைய ஊராருடையது. பகையும் பொறாமையும் காமமும் சூழ்ச்சியும் கொண்ட முழு மனிதர்களாக அவர்கள் அங்கே வருகிறார்கள்.

வந்து போனவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பதும் நியாயமாகாது. கிரீன்லாந்தில் பிறந்து அம்மொழியைப் பேசி வளர்ந்த க்னுட் ராஸ்முசென் 1921 முதல் 1924 வரை மேற்கொண்ட பயணத்தில் இனுயிட்டுகளின் கதைகளையும் பாடல்களையும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தார். நம்பிக்கைகள் சரிந்துகொண்டிருந்த காலத்தில் எஞ்சியவை பலவற்றை அப்பதிவுகளின்வழியே இன்று அறிய முடிகிறது. குனுக் அவருடைய குறிப்புகளையே 2006-ல் நார்மன் கோனுடன் சேர்ந்து ஒரு படமாக்கினார். தலைப்பில் இருப்பது ராஸ்முசெனின் பெயர். படத்தில் நாம் காண்பதோ அவர் சந்தித்த பூசாரி அவ்வாவின் குடும்பத்தையும், புதிய மதத்தின் முன் அது தன் ஆவிகளை இழப்பதையும். விருந்தினர் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். பயண எழுத்தாளருக்கு உரிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. மினி அவோட்லா ஃப்ரீமன் என்ற இனுயிட் பெண் 1957-ல் மொழிபெயர்ப்பாளராக ஒட்டாவாவுக்குப் போனார். வெள்ளையரைக் குறிக்கும் இனுயிட் சொல்லைத் தலைப்பில் தாங்கி 1978-ல் வெளியான அவருடைய நூல், 'கல்லுனாட்டுகளிடையே வாழ்வு', அந்த நகரத்தின் வழக்கங்களை ஓர் அந்நிய நாட்டின் வழக்கங்களாகக் கூர்ந்து பார்க்கிறது. துருவப் பயணங்களை ஆர்வத்தோடு பேசும் நம் வாசகர்களுள் இந்நூலின் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

*

தமிழில் துருவம் பற்றி நாம் அறிந்ததெல்லாம் ஆங்கிலத்தின் வழியே, அதிலும் வந்து போனவர்களின் வழியே வந்தது. 'எஸ்கிமோ' என்ற பெயரும் அப்படித்தான் நம் பள்ளிப் புத்தகங்களுக்குள் வந்தது. தம்மை அவர்கள் 'இனுயிட்', அதாவது மக்கள், என்றே அழைத்துக்கொள்கிறார்கள். மொழிபெயர்க்க நூல் தேடும் நண்பர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் போய்வந்த இன்னொருவரின் வியப்பைத் தமிழுக்குக் கொண்டுவருமுன் மார்க்கூசியின் அந்தச் சிறிய நாவலைக் கொண்டுவாருங்கள். மூலத்திலிருந்து நேரடியாகப் பெயர்த்த ஆங்கில வடிவம் ஒன்றும் 2021-ல் வந்துவிட்டது.

2021 கணக்கெடுப்பின்படி கிரிஸ் ஃபியர்டில் 144 பேர் வாழ்கிறார்கள். கட்டாயத்தால் உருவான அந்த ஊர் இன்று அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் சொந்த ஊர். அவர்கள் விருந்தினரை வெறுப்பவர்களும் அல்லர். அங்கே போகிற வாய்ப்பு யாருக்கேனும் அமைந்தால் தாராளமாகப் போகட்டும், எழுதட்டும். ஆனால் அந்தக் கரையில் மனிதர்கள் ஏன் வாழ்கிறார்கள் என்ற கேள்வியை அந்த எழுத்து தவிர்த்துவிடுமானால், அதன் வருணனைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நல்ல பயண இலக்கியம் என்று நாம் ஏற்க வேண்டியதில்லை.