பிறவியா, பதவியா?

2016 ஏப்ரலில் ஸ்டெம்சென்ட்ரிக்ஸ் என்ற கலிஃபோர்னிய நிறுவனத்தை 580 கோடி டாலருக்கு வாங்குவதாக மருந்து நிறுவனமான ஆப்வி அறிவித்தது. சந்தையில் ஒரு மருந்துகூட விற்காத நிறுவனம் அது. கையிலிருந்த பெரிய சொத்து ‘ரோவா-டி’ என்ற சோதனை மருந்து. சிறுசெல் நுரையீரல் புற்றுநோயைத் திரும்பத் திரும்ப முளைக்கவைக்கும் ஸ்டெம் செல்களை அது தேடிக் கொல்லும் என்று நம்பினார்கள். 2018 டிசம்பரில், வழக்கமான கீமோ பெற்றவர்களைவிட ரோவா-டி பெற்றவர்களின் ஆயுள் குறைவது தெரியவந்து, ஒரு பெரிய சோதனைக்கு ஆள் சேர்ப்பது நின்றது. 2019 ஆகஸ்டில் மருந்தே கைவிடப்பட்டது.

பணம் போனது நிறுவனத்துக்கு. ஸ்டெம் செல்களே நோயின் வேர் என்ற அந்தக் கருத்தும் பொய்யா?

கருத்து பிறந்த இடம் டொரண்டோ. 1994இல் ஜான் டிக் குழுவினர் ரத்தப் புற்றுநோயாளிகளின் செல்களை, நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத எலிகளுக்குச் செலுத்தினார்கள். பெரும்பாலான செல்களால் நோயை உண்டாக்க முடியவில்லை. அரிதான ஒரு வகையால் மட்டும் முடிந்தது. 2003இல் மிச்சிகனில் மைக்கேல் கிளார்க் குழு மார்பகப் புற்றில் இதையே கண்டது. குறிப்பிட்ட அடையாளம் கொண்ட 100 செல்கள் புதுக் கட்டியை எழுப்பின. மற்ற செல்கள் பல்லாயிரம் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை. கீமோ வேகமாகப் பெருகும் செல்களைத்தான் அதிகம் தாக்கும், மெதுவாக இயங்கும் ஸ்டெம் செல் தப்பிவிடும், அதனால்தான் ஸ்கேனில் மறைந்த கட்டி திரும்ப வருகிறது என்ற விளக்கம் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுமார் 16,000 வேதிப்பொருள்களைச் சலித்து, மார்பகப் புற்று ஸ்டெம் செல்களைக் கொல்லும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சாலினோமைசின்: கோழிப் பண்ணைகளில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் கலப்பது! புற்றுநோய் மருந்தாக அது இன்னும் அங்கீகாரம் பெறவில்லை.

சந்தேகம் அதற்கு முன்பே எழுந்துவிட்டது. 2008இல் அதே மிச்சிகனில் ஷான் மாரிசன் குழு, எதிர்ப்பாற்றல் இன்னும் குன்றிய எலிகளில் மெலனோமா என்ற தோல் புற்றின் செல்களைச் சோதித்தது. ஏறக்குறைய நான்கில் ஒரு செல் கட்டியை உண்டாக்கியது. அந்தச் செல்கள் அரிதாகத் தெரிந்ததற்கு எலியும் ஒரு காரணம்.

பெரிய அடி 2017இல் விழுந்தது. ஜெனென்டெக் நிறுவன ஆய்வாளர்கள் எலிகளின் குடல் கட்டியில் ‘எல்ஜிஆர்5’ அடையாளமுள்ள ஸ்டெம் செல்களை மட்டும் அழித்தார்கள். கட்டி மறையவில்லை, வளர்ச்சி மட்டும் நின்றது. அழிப்பதை நிறுத்தியதும் சாதாரணச் செல்கள் அந்த இடத்துக்கு வந்து எல்ஜிஆர்5 செல்களாக மாறின, கட்டி மறுபடி வளர்ந்தது. ஸ்டெம் செல் என்பது பிறவி அல்ல, பதவி. ஆளை விரட்டினால் அடுத்தவர் வந்து உட்காருவார். ஆனால் கல்லீரலுக்குப் பரவிய நோயில் கதை வேறு. அங்கே இந்தச் செல்கள் இல்லாமல் கட்டி நிலைக்கவில்லை.

ரோவா-டி குறிவைத்த டிஎல்எல்3 புரதத்துக்கே பின்னால் வெற்றி வந்தது. டார்லாடமாப் மருந்துக்கு 2024இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. டிஎல்எல்3 உள்ள எந்தப் புற்றுச் செல்லையும் உடலின் நோய் எதிர்ப்புச் செல்லான டி-செல்லோடு பிணைத்துவிடுவது அதன் வேலை. ஸ்டெம் செல்லா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

பதவியையே ஒழித்த உதாரணமும் உண்டு. ஏபிஎல் என்ற ரத்தப் புற்றில், இரண்டு மரபணுக்கள் ஒட்டிப் பிறக்கும் ஒரே ஒரு புரதம் செல்களை முதிரவிடாமல் பிடித்துவைக்கிறது. ஷாங்காயில் வாங் ஜென்யீ வைட்டமின் ஏ வகை மருந்தால் அந்தச் செல்களைக் கொல்லாமல் முதிரவைத்தார்; 24 நோயாளிகளின் விவரத்தை 1988இல் அவர் குழு வெளியிட்டது. பின்னர் சீனாவின் ஹார்பினிலிருந்து ஆர்செனிக் வந்து சேர்ந்தது. 2013இல் வெளியான இத்தாலிய–ஜெர்மானியச் சோதனையில், இந்த இரண்டை மட்டும் பெற்றவர்களில் 97 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுகள் நோய் திரும்பாமல், உயிரிழக்காமல் இருந்தார்கள். ஆர்செனிக்குக்குப் பதிலாகக் கீமோ பெற்றவர்களில் 86 சதவீதம். இரண்டு மருந்தும் அந்த ஒரே புரதத்தைச் சிதைக்கின்றன. கணையப் புற்றில் இப்படி ஒற்றைக் காரணம் கிடையாது. ஏபிஎல்லைக் காட்டி எல்லாப் புற்றுக்கும் நம்பிக்கை ஊட்டுவது நியாயமில்லை.

சோதனைகளின் அமைப்பிலும் கோளாறு இருக்கிறது. ஸ்டெம் செல்களை அடக்கும் என்று சொல்லப்பட்ட நாபபுகாசினை, முற்றிப் பரவிய குடல், கணையப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தார்கள். பெரிய சோதனைகள் தோற்றன. நோய் திரும்புவதைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மிச்சம் குறைவாக இருக்கும்போது கொடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும். கம்பெனிகளுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. காத்திருந்து பார்த்த சோதனையும் உண்டு: பிரான்சில் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுக்காரர்கள் 100 பேரிடம், இரண்டு ஆண்டுகளாக நோயின் தடயமே தெரியாத நிலையில், இமாடினிப் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பியது, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். மீண்டும் மருந்து கொடுத்ததும் அடங்கியது. மற்றவர்களுக்கு மாத்திரையே தேவைப்படவில்லை. விற்பனையைக் குறைக்கும் இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனம்.