விளையாட்டு சோறு போடுமா?

பத்தாம் வகுப்பு வந்தால் போதும், நம் வீடுகளில் மட்டையும் பந்தும் பரணுக்குப் போய்விடும். "விளையாட்டு சோறு போடுமா?" என்ற கேள்வி டெல்லி, மும்பை, புனே என்று எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் நம்மோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. இன்றைக்கு அந்தக் கேள்வியோடுதான் எனக்குச் சண்டை.

நார்மன் உட்ஹவுஸ் என்று ஒருவர். (ஜீவ்ஸ் கதை எழுதியவர் இல்லை, இவர் வேறு.) பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. 1910 முதல் 1913 வரை இங்கிலாந்துக்காக 14 சர்வதேச ரக்பி ஆட்டங்கள் ஆடினார். 1913-ல் அவர் தலைமையில் இங்கிலாந்து வேல்ஸ், பிரான்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து நான்கையும் வென்றது. இங்கிலாந்தின் முதல் 'கிராண்ட் ஸ்லாம்' அதுதான். நாலு ஆட்டத்திலும் சேர்த்து எதிரிகள் எடுத்தது வெறும் 4 புள்ளி!

ஸ்காட்லாந்தை வென்றதற்குக் கிடைப்பது கல்கத்தா கோப்பை. கல்கத்தாவில் இருந்த ரக்பி கிளப் கலைந்தபோது, வங்கிக் கணக்கை முடித்து, கையில் வந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி 1878-ல் செய்து கொடுத்த கோப்பை அது. கணக்கு முடிக்க வருபவர்களை தினமும் பார்க்கிறேன். இப்படி அழகாக முடித்தவர்களைக் கேள்விப்பட்டதில்லை.

சரி, உட்ஹவுஸின் வேலை என்ன ஆனது? 1916-ல் ஜட்லாண்ட் கடற்போரில் 'ரிவெஞ்ச்' போர்க்கப்பலில் இருந்தார். படிப்படியாக உயர்ந்து வைஸ் அட்மிரல் ஆனார். ஓய்வு பெற்ற பிறகும், இரண்டாம் உலகப்போரில் வணிகக் கப்பல் அணிகளை வழிநடத்தத் திரும்ப வந்தார். 1941 ஜூலையில் ஜெர்மன் நீர்மூழ்கி அவர் கப்பலை மூழ்கடித்தது. அப்போது வயது 54.

"வெள்ளைக்காரன், வசதியானவன், அவனுக்கென்ன!" என்பீர்கள். வசதி இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைய ரக்பியில் சம்பளம் கிடையாது. 1995 வரை யூனியன் ரக்பியில் காசு வாங்கி ஆடுவதற்கே தடை. ஆக, விளையாட்டு அவருக்கும் சோறு போடவில்லை. சோறு போட்டது கடற்படை. ஜெர்மனியோடு போட்டி போட்டுக் கப்பல் கட்டிக்கொண்டிருந்த அந்தக் கடற்படையிலேயே பந்துக்கும் நேரம் இருந்ததென்றால், நம் பிள்ளையின் டியூஷன் அட்டவணையில் மட்டும் ஏன் இல்லை?

நம் ஆபீஸ்களும் லேசுப்பட்டவை இல்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பார்கள். கோப்பை வாங்கி வந்தால் கூட நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பதவி உயர்வு பேச்சு வந்தால் "அவன் கோட்டாவில் வந்தவன்தானே" என்பார்கள். வியர்வை சிந்தியவனுக்கு மூளை இருக்காது என்று எந்தப் புத்தகத்தில் படித்தோம்?

நம் பிள்ளைகள் எல்லாரும் நாட்டுக்காக ஆடப்போவதில்லை. அவர்கள் கேட்பது சாயங்காலம் ஒரு மணி நேரம். தோற்றுவிட்டு மறுநாள் திரும்பப் போய் நிற்கிற பழக்கத்தை எந்த கோச்சிங் சென்டரும் சொல்லித்தருவதில்லை. மைதானம் இலவசமாகச் சொல்லித்தருகிறது.

அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்காதீர்கள் சாமி. கோபமிருந்தால் பின்னூட்டத்தில் வந்து என்னைத் திட்டுங்கள். பிள்ளையை விளையாட விடுங்கள்.