ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

"எல்லாம் ஆட்டோமேட்டிக் சார், நீங்கள் கவலைப்படவே வேண்டாம்." கம்ப்யூட்டர் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன்: இந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் நான் கவலைப்பட ஆரம்பிப்பேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. இப்போது பெரிய அலுவலகங்களில் ஒவ்வொரு வேலைக்கும் தனி சர்வர் வாங்குவதில்லை. நாலைந்து பெரிய சர்வர்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் பல 'விர்ச்சுவல் மெஷின்'களைக் குடிவைக்கிறார்கள், ஒண்டுக்குடித்தனம் மாதிரி. இதை அலுவலகம் தனக்கென்றே அமைத்துக்கொண்டால் பிரைவேட் கிளவுட். ஒரு சர்வர் செத்தால், அதிலிருந்த குடித்தனங்களை மற்ற சர்வர்களில் தானாகவே எழுப்பும் ஏற்பாட்டுக்கு ஃபெயில்ஓவர் என்று பெயர்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், சம்பளப் பட்டியல் ஓடும் இரவில், எங்கள் ஐந்து சர்வர்களில் ஒன்று மதர்போர்டு போய் நின்றது. தானாக மாறிவிடும் என்று எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி மெஷின்கள் எழுந்தன. சம்பள மெஷின் எழவில்லை.

காரணம், மற்ற நான்கிலும் மெமரியில் இடமே இல்லை. ஒரே அளவுள்ள ஐந்து சர்வர்களில் ஒன்று போனாலும் மீதி நான்கு தாங்கவேண்டுமென்றால், எதையும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அதைக் காவல் காக்க மென்பொருளிலேயே ஒரு விதி உண்டு. உபரி இடம் குறைந்தால் புது மெஷினைத் தொடங்கவே விடாது. இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்த விதியை அணைத்து வைத்திருந்தார்கள். இன்னொரு மெஷின் எழாத காரணம் அதைவிட அற்பம். அதன் டிஸ்க் பொது ஸ்டோரேஜில் இல்லை, செத்த சர்வருக்குள்ளேயே இருந்தது. பெட்டி படுக்கை எல்லாம் பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால் எப்படிக் குடிபோவது?

மெமோ யாருக்குப் போனது தெரியுமா? அன்று இரவு ஷிஃப்டில் இருந்த, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன பையனுக்கு. "இடம் சும்மா கிடக்கிறதே, புது சர்வர் எதற்கு?" என்று கோப்பில் எழுதிய பெரியவருக்கு அல்ல. அதன் கீழே 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்ட எனக்கும் அல்ல. அந்தக் கையெழுத்து இன்றும் உறுத்துகிறது.

மாறவேண்டிய நேரத்தில் மாறாதது ஒரு கோளாறு என்றால், மாறக்கூடாத நேரத்தில் மாறுவது இன்னொன்று. கிட்ஹப் நிறுவனத்தில் 2018 அக்டோபர் 21 அன்று நெட்வொர்க் தொடர்பு அறுந்தது வெறும் 43 விநாடி. அதற்குள் தானியங்கி, தரவுத்தளத்தின் தலைமையை அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. இரண்டு பக்கமும் மறுபக்கத்தில் இல்லாத பதிவுகள் சேர்ந்துவிட்டன. சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. இது விர்ச்சுவல் மெஷின் கதையல்ல, ஆனால் பாடம் ஒன்றுதான். தானியங்கி தனக்குச் சொன்னதைச் செய்யும். செய்தால் என்ன ஆகும் என்பதை மனிதன்தான் முன்கூட்டியே பார்த்து வைக்கவேண்டும்.

எப்படிப் பார்ப்பது? ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வரின் பிளக்கைப் பிடுங்கித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எது எழுந்தது, எது எழவில்லை, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வைக்கவேண்டும்.

"பிடுங்கி ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?" என்பார்கள். நான் வேலையில் இருந்தவரை இந்த ஒரே கேள்வியால் ஒத்திகை நடக்கவே இல்லை. பதில் எளிது. பிடுங்க பயப்படுகிறீர்கள் என்றால், அது மாறாது என்று உங்களுக்கே தெரியும். பிறகு எதற்கு அதை ஆட்டோமேட்டிக் என்று கணக்கில் எழுதுகிறீர்கள்? நாளை நாம் குறித்தால் ஞாயிறு காலை. சர்வர் குறித்தால் சம்பள ராத்திரி.

காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று கேட்பதில் பிரயோஜனமில்லை, இருக்கும். அதில் காற்று இருக்கிறதா என்று கேட்கவேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது இந்த வேலையில் இருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது கேளுங்கள்: "கடைசியாக எப்போதப்பா பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தீர்கள்?" தேதி சொன்னால் நல்லது. சிரித்தால், அந்த வீட்டிலும் ஒரு பையனுக்கு மெமோ காத்திருக்கிறது.