வாங்குமுன் ஜாக்கைப் பாரீர்!

"அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்பர் நம் முன்னோர். இதன் உண்மையைச் சென்ற பருவத்தில் எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கண்கூடாகக் கண்டேன். உள்ளங்கையில் அடங்கும் கணினிப் பலகை அது; 5 வோல்ட்டில் இயங்குவது. மேசைமேல் கிடந்த 12 வோல்ட் அடாப்டரை அதில் செருகினேன். முனை கச்சிதமாகப் பொருந்தியது. மறுநொடி கருகிய வாடை வந்தது. அதன் விலை, கொத்து வேலை செய்யும் என் தந்தையின் ஐந்து நாள் கூலி.

"பார்த்துச் செருகக்கூடாதா?" என்றனர் நண்பர்கள். குற்றம் என்னுடையதே, மறுக்கவில்லை. ஆயினும், எந்த அடாப்டரையும் இன்முகத்தோடு ஏற்கும் அந்த வட்ட ஜாக்கிற்கும் அதில் பங்குண்டு என்பது என் தாழ்மையான கருத்து.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையின் ஜாக்கில் 7 முதல் 12 வோல்ட் வரை தரலாம். ஜெட்சன் நானோ பலகையின் ஜாக்கிலோ 5 வோல்ட்தான் தரவேண்டும். இரண்டும் 2.1 மில்லிமீட்டர் வட்ட ஜாக்குகளே! பார்வைக்கு வேற்றுமை ஏதுமில்லை.

யூ.எஸ்.பி.-சி அவ்வாறன்று. பலகையில் 5.1 கிலோஓம் மின்தடை இருப்பதை உணர்ந்த பின்னரே, விதிப்படி செய்த சார்ஜர் 5 வோல்ட் தரும். பலகை கேட்டாலன்றி அதற்கு மேல் தராது. அதிலுள்ள இரு உணர்முனைகளுக்கும் தனித்தனி மின்தடை வேண்டும். 2019இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4இல் இரண்டிற்கும் சேர்த்து ஒன்றையே வைத்துவிட்டனர். விளைவு என்ன? சிப் பொருத்திய கேபிள்களைச் செருகினால் மின்சாரம் வரவில்லை, பலகை எரியவில்லை. பின்னர் பிழையைத் திருத்தினர். தவறு நேர்ந்தாலும் உயிர் போகாத ஏற்பாடு இதுவன்றோ!

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. மெல்லிய கேபிளின் மின்தடை 0.2 ஓம் எனக் கொள்வோம். 3 ஆம்பியர் ஓடினால், ஓம் விதிப்படி 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். எஞ்சிய 4.4 வோல்ட்டில் பலகை தடுமாறும். ஆகவே கேபிள் தடித்ததாகவும் குட்டையாகவும் இருக்கவேண்டும்.

மாணவ நண்பர்களே, பலகை வாங்கும்போது வேகத்தையும் நினைவகத்தையும் பார்க்குமுன் மின்சாரம் நுழையும் வாயிலைப் பாருங்கள். ஆய்வுக்கூடத்து அடாப்டர் ஒவ்வொன்றிலும் வோல்ட் அளவைப் பெரிதாக எழுதி ஒட்ட ஆசிரியப் பெருமக்கள் அனுமதி தரவேண்டுகிறேன். எழுதும் பணியை நானே ஏற்கிறேன். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என்போன்றோருக்கு இரண்டாவது பலகை எளிதில் வாய்ப்பதில்லை.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்